புகைப்புரையில் கட்டிய தூளி

ரப்பர் எஸ்டேட்டில் நான் புகைப்புரை மேஸ்திரியாகச் சேர்ந்த முதல் நாள், சூப்ரண்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"புகை வெளிய போனா ஷீட்டுல பூஞ்சணம் பிடிக்கும். ஒரு ஓட்டை விடப்பிடாது, கேட்டீரா?"

நான் விடவில்லை. ரோலரில் அழுத்திய ரப்பர் ஷீட்டுகளைப் புகைப்புரைக்குள் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே பச்சை விறகும் தேங்காய்த் தொண்டும் போட்டு மூட்டுவோம். நாலைந்து நாளில் ஷீட் தேன் நிறத்துக்கு வந்துவிடும். எங்கள் நெஞ்சுக்குள் என்ன நிறம் என்று யார் பார்த்தார்கள்?

பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகளில் அப்போது எங்கள் பயமெல்லாம் மலைக்காய்ச்சல்தான். கொசுவால் வருகிறது என்று எஸ்டேட் கம்பவுண்டர் சொல்லியிருந்தார். புகையில் கொசு நிற்காது. போதாதா? பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

ரப்பர் பால் சுமக்கும் தங்கம்மையின் மூத்த பிள்ளை அந்தக் காய்ச்சலில்தான் போனது. இளையதற்கு ஆறு மாதம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நின்றவளிடம் நானே சொன்னேன்.

"ஏட்டி, பிள்ளைய இஞ்ச கெடத்து. ஒரு கொசு அண்டாது."

புகைப்புரை வராந்தாவில் தூளியையும் நானே கட்டிக் கொடுத்தேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை அந்த வழியாகத்தான் வெளியேறும். ஒரு மாதம் போனது.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு காய்ச்சல் இல்ல. ஆனா நெஞ்சு இரையுது."

"சளியாக்கும். சூடு பட்டா எளகும்" என்று தூளியை அவிழ்த்துக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் கட்டினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

மூன்றாம் நாள் கம்பவுண்டர் வந்தார். பிள்ளையின் மூக்கைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி கறுத்திருந்தது.

"மூக்குல கரியில்லா வருது! ஆரு இத இஞ்ச கெடத்துனது?"

தங்கம்மை என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான்" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். அன்று சாயந்தரம் பிள்ளை இறந்தது. சூப்ரண்டு வந்து ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் தூளிக் கயிற்றை அறுத்து, இனி யாரும் பிள்ளைகளை அங்கே கிடத்தக் கூடாது என்றேன். "பிள்ளையள கொசு கடிக்கட்டும்னா சொல்லுதீரு?" என்று மற்றப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

புகையில் வேலை பார்க்கும் தம்பிகளே, கொசுவை விரட்டும் புகை மனிதனை விட்டுவைக்காது. எனக்கு இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எத்தனை வருடம் புகையில் இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்கிறார். இருபத்தாறு வருடம் என்கிறேன்.

அந்தப் பிள்ளை புகையில் இருந்தது ஒரு மாதம். கிடத்தியது நான்.