சிறுவீட்டுக்குள் ஒரு சீறல்

என் மகள் கட்டிய வீட்டுக்குள் நல்ல பாம்பு குடியேறிவிட்டது என்று போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

சும்மா நம்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று நம்பினேன்.

சிரிக்காதீர்கள். சங்கரன்கோவில்காரனுக்குப் பாம்பு என்றால் வெறும் பாம்பு இல்லை. பல்லி மேலே விழுந்தாலும், தேள் கண்ணில் பட்டாலும், பாம்பு கனவில் வந்தாலும் அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கி கோமதியம்மன் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் எங்களுக்கு மறுவேலை. புற்று மண்ணை நெற்றியிலும் பூசி, வாயிலும் போட்டு வளர்ந்த கூட்டம். எனக்கு வினை வந்ததும் அந்தப் புற்று மண்ணால்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கம் தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணத்தைப் பிடித்துப் பூசணிப் பூ வைப்பார்கள் இல்லையா... அதையெல்லாம் வரட்டியாகத் தட்டிக் காயவைத்துக்கொள்வார்கள். பெரியவர்களின் பொங்கல் முடிந்து, தைப்பூசத்துக்குள் ஒரு நாள், பெண் பிள்ளைகள் வாசலில் மண்ணால் குட்டி வீடு கட்டி, அதற்கு முன்னால் குட்டி அடுப்பில் குட்டிப் பானை வைத்துப் பொங்குவார்கள். வீடும் அவர்களுடையது, சமையலும் அவர்களுடையது. அப்பன்மார்களுக்கு மண் சுமக்கிற வேலை மட்டும்.

என் மகள் கோமு நாலாம் வகுப்பு. இந்த வருஷம் அவளுக்கு வெறும் சுவர் போதவில்லை.

"எப்பா, கூரையும் வேணும். ரவுண்டா வேணும்."

"ரவுண்டா எதுக்குட்டி?"

"இக்லூப்பா! எஸ்கிமோ வீடு. புக்குல இருக்குல்லா!"

மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊரில் இக்லூ! சரி, பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு மண்ணைத் தொடுகிறேன் என்று ஒரு குழந்தை தானாகச் சொன்னால், இக்லூ என்ன... ஈஃபிள் டவரே கேட்டாலும் மண் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

அங்கேதான் என் மேதாவித்தனம் வேலை செய்தது. "கரிசல் மண்ணு காஞ்சா வெடிச்சிரும். புத்து மண்ணுதான் பக்குவம். மாவு மாதிரி இருக்கும்" என்று லெக்சர் கொடுத்தேன். கொடுத்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு மேலநீலிதநல்லூர் ரோட்டில் இருக்கும் நண்பரின் காட்டுக்குப் போனேன். மழையில் சரிந்து கிடந்த ஒரு பழைய புற்றிலிருந்து ஒரு சாக்கு மண் அள்ளிக்கொண்டேன். நண்பரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

உள்ளே குடியிருந்தவரிடம் கேட்டேனா என்றால்... இல்லை.

மண் உண்மையிலேயே அருமை. வீட்டில் குழந்தை இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். மண்ணைச் சலித்து, வைக்கோலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். மறுநாள் குழந்தை சொன்னபடியெல்லாம் வளையும். மண்ணைச் சொல்கிறேன், குழந்தையை இல்லை.

மறுநாள் கோமுவும் அவள் சிநேகிதிகளும் வேலையை ஆரம்பித்தார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன். இன்னொரு யோசனை சொன்னேன். மூன்றாவதற்கு வாயைத் திறக்கும்போது, கோமு ஒரு பலூன் பாக்கெட்டைக் கையில் திணித்தாள்.

"எப்பா, இத ஊதிக் குடுத்துட்டு நீங்க உள்ள போயி டிவி பாருங்க. வீடு சீக்ரெட்டு."

தோரணம் கட்டத்தான் போல என்று கண் பிதுங்க ஊதிக் கொடுத்தேன். முடிச்சுப் போட என் தடிவிரல்களுக்கு வராது; எல்லாவற்றின் கழுத்திலும் ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் டிவி பார்த்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால்... அசந்துபோனேன். வாசலில் ஓரடி உயரத்தில் உருண்டையாக ஓர் இக்லூ! முன்னால் கை நுழைகிற அளவுக்கு வாசல். கூரை எப்படிச் சரியாமல் நிற்கிறது? கேட்டேன். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாரம் அது நிழலிலேயே காய்ந்தது. சனிக்கிழமை சுண்ணாம்பும் காவியும் அடித்துக் கோயில் மதில் மாதிரி ஆக்கிவிட்டார்கள். எஸ்கிமோ பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார்.

ஞாயிறு காலை. வெயில் ஏறி நேரே இக்லூ மேல் விழுந்தது. உள்ளே என் மனைவி ராஜி கோமுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சிநேகிதிகள் பட்டுப்பாவாடையும் பானையுமாக வருகிற நேரம். நான் அடுப்புக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

இக்லூவுக்குள்ளிருந்துதான்! குனிந்து வாசல் வழியே பார்த்தேன். இருட்டு. இருட்டுக்குள் கருநீலமாக, பளபளவென்று வால் மாதிரி ஏதோ ஒன்று... அசைந்தது!

அடுத்து எனக்கு நினைவிருப்பது நாற்காலி மேல் நின்றதுதான்.

"ராஜி! பாம்பு! புத்து மண்ணத் தேடி வந்துட்டு ராஜி!"

"தேடி வர்றதுக்கு அது என்னங்க, நீங்க பழைய பைக்க ஏமாத்தி வித்த ஆளா?" ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "வந்தா வரட்டும். அதுக்கும் ஒரு கரண்டி பொங்கல் வைப்போம்."

நான் கைகூப்பினேன். தாயே, ஒரு சர்ப்ப உரு போடுகிறேன். மறுபடியும் "ஸ்ஸ்ஸ்" என்றது. தாயே, உருவைப் பெரிதாகவே போடுகிறேன். கூடவே தேளும் பல்லியும் போடுகிறேன். அவற்றால் எனக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை... முன்கூட்டியே இருக்கட்டும்!

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணாச்சி வந்தார். பூ மார்க்கெட்டில் கடை. கையில் துரட்டிக் கம்பு.

"என்ன வே, நாற்காலி மேல நின்னு யாருக்கு மாலை போடப் போறீரு?"

"அண்ணாச்சி, உள்ள பாம்பு கிடக்கு. சத்தத்தக் கேளுங்க."

அண்ணாச்சி காதைத் தீட்டினார். "ஸ்ஸ்ஸ்." அவர் முகம் மாறியது. ஓர் அடி பின்னால் வைத்தார்.

"நல்ல பாம்பேதான் வே. சத்தத்த வச்சே சொல்லுதேன். பொட்டப் பாம்பு. கோவத்துல இருக்கு."

கவனித்திருக்கிறீர்களா? நாம் தனியாகப் பயந்தால் அது சந்தேகம். கூட இன்னொருவர் சேர்ந்து பயந்தால் அதுவே தகவல் ஆகிவிடும். அண்ணாச்சி வருகிற வரைக்கும் அந்தப் பாம்பு ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது!

"தள்ளி நில்லும் வே. ஒரே போடு. கூரையோட சேத்து நசுக்கிருதேன்."

கம்பு உயர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நசுக்கினால் பாம்பு போகும், சரி. வீடும் போகுமே? இன்னொன்று கட்டிக் காயவைக்க நாள் இல்லை. அதற்குள் தைப்பூசம் வந்துவிடும். பிறகு கோமுவுக்கு இந்த வருஷம் சிறுவீட்டுப் பொங்கலே கிடையாது. ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் அதன் முன்னால் குந்தியிருந்த பிள்ளை.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. வீட்ட விட்டுட்டுப் பாம்ப மட்டும் அடிக்க முடியாதா?"

"அதுக்கு வீட்டுக்காரி உள்ள போயில்லா பேசணும்!"

வீட்டுக்காரி வந்தாள். ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் விரித்த தலை. கம்பைப் பார்த்தாள். ஓடிவந்து இக்லூவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பா! என் வீட்ட எதுக்கு இடிக்கப் போறீங்க?"

"ஏட்டி, தள்ளு! உள்ள பாம்பு!"

"பாம்பா?"

"ஸ்ஸ்ஸ்..." என்றது இக்லூ, சாட்சி சொல்வது மாதிரி.

கோமு காதை வைத்துக் கேட்டாள். என்னைப் பார்த்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சர்வ சாதாரணமாக, வாசலுக்குள் கையை விட்டாள்.

"கோமூ...!"

நாற்காலியிலிருந்து குதித்தேன் என்று எழுதத்தான் ஆசை. விழுந்தேன். விழுந்தாலும் அவள் பக்கமாக விழுந்தேன். அந்த மட்டில் அப்பன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்று, "பயப்படாதீரும் வே, நான் இங்கனதான் நிக்கேன்!" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோமு கையை வெளியே எடுத்தாள். சுருங்கிய கருநீலம் ஒன்று விரல்களுக்கிடையில் தொங்கியது.

"இதாப்பா பாம்பு. இந்தப் பலூன் மேலதான் மண்ணு அப்புனோம். காஞ்ச பொறவு உடைக்கலாம்னு வச்சிருந்தோம். அதுக்குள்ள வெயில் சூட்டுல காத்துப் போயி அதுவே சுருங்கிட்டு."

அண்ணாச்சி கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, முருங்கைக்காய் பறிக்கத்தான் வந்தேன் என்றார். எங்கள் வீட்டில் முருங்கை மரம் இல்லை.

பொங்கல் ஜாம்ஜாமென்று பொங்கியது. இக்லூவில் ஒரு கீறல் இல்லை. அண்ணாச்சி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் வலது முட்டியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ராஜி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், வேண்டிக்கொண்டதை எல்லாம் ஒன்று விடாமல் போட வைத்தாள்... பாம்பு, தேள், பல்லி எல்லாம்தான். "வேண்டுனது வேண்டுனதுதான்" என்றாள்.

கோமு அந்தப் பலூனை என் மேஜை மேல் வைத்திருக்கிறாள். அதன் கழுத்தில் நான் சுற்றிய ரப்பர் பேண்ட் லூசாகத் தொங்குகிறது. அன்று காலை என்னைப் பார்த்துச் சீறியது, அதற்கு முந்தின ஞாயிறு நான் ஊதிய காற்று.