நீளிரவுத் திருநாள்

முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம்தான். சீன நாள்காட்டித் தாளில் அட்டை போட்டது. ஓரமெல்லாம் சாம்பார்க் கறை, அத்தனையும் எங்கள் கைவரிசை. தொண்ணூறுகளில் மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் வேலை பார்த்தபோது, அங்கே டைப்பிஸ்டாக இருந்த அக்கா அதில் ஒரு தொடர்கதை எழுதிவந்தார். கடாரம் வென்ற சோழர் படை ஊர் திரும்பாமல் மலாக்காவிலேயே தங்கி ஆண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கதை. வாசகிகள் நாங்கள் ஐந்து பேர் மட்டும்தான். அடுத்த அத்தியாயத்தை யார் முதலில் படிப்பது என்று அடித்துக்கொள்வோம். இன்று கைபேசியில் ஆயிரம் கதைகள் கிடக்கின்றன. அந்தத் தவிப்பு மட்டும் வருவதில்லை.

அந்த ராஜ்யத்துக்கு அக்கா நீளிரவுத் திருநாள் என்று ஒரு திருவிழாவும் கொடுத்தார். மார்கழியில், வருடத்தின் மிக நீண்ட இரவு தொடங்கும் மாலையில், நம்மோடு பேச்சை முறித்துக்கொண்டவர் வீட்டுக்கு இஞ்சிப் பாகில் போட்ட மாவுருண்டை கொண்டுபோக வேண்டும். மாவுருண்டை, தெங்கேராவில் அவருக்குப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் இரவல் வாங்கியது. மற்றதெல்லாம் அக்காவின் சொந்தச் சரக்கு. எங்களில் ஒருத்தி பூகோளத்தில் கெட்டிக்காரி. "பூமத்திய ரேகைகிட்ட இருக்கிற நம்ம ஊர்ல எல்லா ராத்திரியும் ஒரே நீளம்தான்லா அக்கா" என்று போட்டு உடைத்தாள். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விடாமல், "பேசாம இருக்கிறவங்களுக்கு நீளம்தான்" என்றார்.

யாரை நினைத்துச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியும். பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்காக, ஜாசினில் இருந்த அவருடைய அண்ணன் ஆறு வருடமாக அவரோடு பேசவில்லை. உறவென்று அக்காவுக்கு இருந்தது அந்த ஒருவர்தான். டிசம்பர் வந்ததும் நாங்கள் பிடித்துக்கொண்டோம்: இந்த வருடம் திருவிழா நிஜமாகவே நடக்க வேண்டும், எழுதியவர்தான் முதலில் போக வேண்டும்.

"கதைய கதையா விடுங்கடி" என்று அக்கா கெஞ்சினார். முகத்தில் அடித்தாற்போல் அண்ணன் கதவைச் சாத்திவிட்டால், இருக்கிற நம்பிக்கையும் போய்விடுமே என்ற பயம் அவருக்கு. நாங்கள் விடவில்லை. சீன ஆன்ட்டியைத் தாஜா செய்து உருண்டை பிடிக்க வைத்து, டிபன் கேரியரும் கையுமாக அக்காவை ஜாசின் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. விளையாட்டுப் புத்தியில் ஒருத்தியின் ஒரே உறவில் கை வைத்துவிட்டோம்.

மறுநாள் காலை டைப்ரைட்டர் உறையை நிதானமாக மடித்து வைத்துவிட்டுத்தான் அக்கா வாயைத் திறந்தார்.

"கதவத் தொறந்தாரு. கையில என்னன்னு பாத்தாரு. 'இன்னைக்கு நீளிரவுத் திருநாள்ணே'ன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"கேரியர கையில வாங்கிக்கிட்டாரு. அப்புறம், 'ஆமாலா, மறந்தே போயிட்டேன் பாரு. உள்ள வா'ன்னாரு."