பிரேக்கில் ஊற்றிய தறி எண்ணெய்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. தறியில் எது கீச்சென்றாலும் எண்ணெய்ப் புட்டியோடு போய் நிற்பார். எங்கள் பழைய காருக்கும் அவர்தான் வைத்தியர். ஓட்டுவது நான். அவருக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டுகிறவளுக்குப் புத்தி சொல்ல மட்டும் தெரியும்.

கொஞ்ச நாளாக பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். ஒருநாள் விளக்கு அணைந்திருந்தது. கூப்பிட்டுக் காட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், மகளைக் காலை டியூஷனில் விட்டுவிட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் எங்கள் பாவுதான் நீட்டியிருந்தது. கம்பு நட்டு, பட்டு இழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். முதல் கம்புக்குப் பக்கத்தில் இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். எப்போதும் போல தள்ளியே நிறுத்தலாம் என்று பிரேக்கை மிதித்தேன்.

கால் தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன். அதே கதிதான். ஹாரன் அடிக்கவும் தோன்றவில்லை, கத்தவும் வாய் வரவில்லை. அவர் பனியனில் தோள்பக்கம் இருந்த ஓட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றபோது பம்பர் கம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி முதலில் இழைகளைத்தான் பார்த்தார். பாவு அறுந்திருந்தால் என்ன ஆவது, பார்த்து வரக்கூடாதா என்று சலித்துக்கொண்டார். நான் கைப் பிரேக்கைப் பிடித்த பிடியை விடவில்லை. இறங்கவே முடியவில்லை.

மெக்கானிக் வந்து பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். விரலால் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார். இதில் மெஷின் எண்ணெயை யார் ஊற்றியது என்று கேட்டார். அது பட்டால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் உப்பிக் கெட்டுப்போகுமாம்.

"நான்தான் ஊத்துனேன்" என்றார் இவர். "கம்மியா இருந்துச்சுன்னு ஊத்துனேன், வெளக்கும் அணைஞ்சிடுச்சு. தறிக்கு வுடுற நல்ல எண்ணெய்தான்பா."

எங்கள் மேல் இருந்த அக்கறையில்தான் ஊற்றியிருக்கிறார். அந்த பிரேக்கை நம்பித்தான் ஒரு வாரமாக மகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

மெக்கானிக் ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றினார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில், ஊற்ற வேண்டிய ஆயிலின் வகை டாட் ஃபோர் என்று போட்டிருந்தது. மெக்கானிக் அதையே சீல் உடைக்காத டப்பாவாக வாங்கிவரச் சொன்னார். திறந்து வைத்தது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற என்னை உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். அவர் சொல்லும்போது மிதிக்க வேண்டும், சொல்லும்போது விட வேண்டும். இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

கடைசி முறை மிதித்தபோது பிரேக் கல் மாதிரி நின்றது.

"ஆச்சுக்கா, வுடுங்க" என்றார் மெக்கானிக். கால் எழவில்லை. மறுபடியும் சொன்னார்.

பானெட்டுக்கு மேலே இவர் தலை எழுந்தது. "வுடும்மா. சக்கரத்தையே கழட்டி வெச்சிருக்குது, வண்டி எங்க போவப்போவுது?"

சக்கரம் தரையில் கிடந்தது எனக்கும் தெரிந்தது.

"நீங்க மொதல்ல அந்தப் பக்கம் நகருங்க" என்றேன்.