கலைமகள் கேட்காத மன்னிப்பு

கருவடிக்குப்பத்தில் இட்லி மாவு விற்கும் கலைமகளுக்கு மீசை உண்டு. ஒட்டு மீசைதான். வாரநாட்களில் அது கடை டப்பாவில் ஓய்வெடுக்கும். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு உள்ளூர் கேபிள் டி.வி.யில் பணிக்கு வரும். அந்த அரை மணி நேரமும் மாமியார், மருமகள், கவுன்சிலர், கவுன்சிலரைவிட அதிகாரம் செய்யும் அவருடைய டிரைவர் எல்லோரும் கலைமகள்தான்.

கணவர் இறந்த பிறகு கடையில் தனியாக நின்றவர், கிரைண்டர் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து வாடிக்கையாளர்களைப் போலப் பேசிக் காட்டப் பழகினார். ஒருமுறை சேனல் நடத்தும் புருஷோத்தமன் மாவு வாங்க வந்து, நின்று சிரித்து, மாவை விட்டுவிட்டுப் போனார். மறுவாரமே கலைமகள் டி.வி.யில் வந்தார்.

போன மாசி மாதம் அவர் எடுத்துக்கொண்டது ஒரு 'சொல்தா'வை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பென்ஷன் தொடர வேண்டுமானால், தாம் உயிரோடு இருப்பதை அவர்கள் வருஷா வருஷம் காட்டியாக வேண்டும். கலைமகளின் சொல்தா மனைவியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு பென்ஷன் அதிகாரியிடம் போகிறார். மீசையோடு முன்னோட்டம் ஓடியது.

அது 'மாலை பீரங்கி'யின் கண்ணில் பட்டது. மாலைப் பத்திரிகைக்கு மத்தியானத்துக்குள் எல்லாம் தயாராக வேண்டும். ஆகவே அதன் நிருபர் சிலம்பரசன் கொந்தளிப்பை முன்கூட்டியே எழுதி வைப்பது வழக்கம். திங்கட்கிழமை கடைக்குக் கடை போஸ்டர் தொங்கியது: 'வீரர்களை இழிவுபடுத்திய டி.வி. காமெடி! பார்த்தவர்கள் கொதிப்பு!'

பார்த்தவர்கள் யாருமில்லை என்பதுதான் சின்னச் சிக்கல். ஞாயிறன்று மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைத் தீர்த்தவாரியை சேனல் நாள் முழுக்க நேரலையில் காட்டியது. கலைமகளின் நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை.

புருஷோத்தமன் வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா."

"எதுக்குண்ணே? நேத்து சாமிதானே டி.வி.யில வந்துச்சு. சாமியக் கேக்கச் சொல்லுங்க."

"வெளையாடாத. வெளம்பரம் குடுக்கறவங்க போன் மேல போன் பண்றாங்க. நாளைக்கி எட்டு மணிக்கு லைவ்ல வந்து, மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. இல்லன்னா ஞாயித்துக்கெழம ப்ரோகிராம் உனக்குக் கெடையாது."

"கேட்டுட்டா சொல்தா சீனு வருமா?"

"அது எப்டிம்மா வரும்?"

"அப்போ தப்பு பண்றதுக்கு முன்னாடியே மன்னிப்பு கேக்கணும், கேட்ட பிறகு தப்பும் பண்ணக் கூடாது. நல்லாருக்குண்ணே உங்க ஞாயம்."

அன்று சாயங்காலம் மாவு வாங்க வந்த கிருஷ்ணசாமி நிஜமான சொல்தா. கலைமகள் பிரெஞ்சு மரியாதையோடு கேட்டே விட்டார்: "முசியே, உங்களுக்கு என் மேல கோவமா?"

"கோவம்தான்" என்றார் அவர். "முன்னோட்டத்துல பார்த்தேன். அது பட்டாளத்து மீசையா? கரப்பான் மாதிரி இருக்கு. கொஞ்சம் முறுக்கி விடக் கூடாதா?"

மறுநாள் எட்டு மணிக்கு மன்னிப்பைக் கேட்க ஊரே டி.வி. முன் உட்கார்ந்தது. கலைமகள் வந்தார். மீசை முறுக்கியிருந்தது. புருஷோத்தமன் கேமராவுக்குப் பின்னால் நின்று கையைக் கூப்பினார்.

"மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு நீங்க பார்க்கவே இல்லியே? மொதல்ல பாருங்க. அப்புறமும் கோவம் வந்தா கடைக்கி வந்து திட்டுங்க" என்று தொடங்கிவிட்டார்.

கலைமகளின் சொல்தா விறைப்பாக நின்று சலாம் வைத்தார். அடுத்த நொடி கலைமகளே அதிகாரியாகி, சொல்தாவை விட்டுவிட்டு மனைவியைக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரரு உயிரோடதான் இருக்காரா?"

"எப்டி சார் சொல்றது? வீட்டுல ஒரு துரும்பக் கூட நகத்தினதில்லியே."

"மூச்சு விடறாரே?"

"அது ஃபேன் காத்தாக் கூட இருக்கும் சார்."

கேமராக்காரர் குலுங்கியதில் படமும் குலுங்கியது. "அம்மா, இருக்காரா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று அதிகாரி கத்த, மனைவி புருஷனை ஏற இறங்கப் பார்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தபோது, புருஷோத்தமன் ஒளிபரப்பை நிறுத்தினார்.

விடிந்ததிலிருந்து அவருடைய போன் ஓயவில்லை. ரெட்டியார்பாளையத்திலிருந்து, கோரிமேட்டிலிருந்து, விளம்பரம் கொடுப்பவர்களின் வீட்டுப் பெண்களிடமிருந்து, எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி: அந்தம்மா என்ன சொல்லிச்சு? மத்தியானத்துக்குள் அவர் மாவுக்கடைக்கு வந்து நின்றார்.

"எனக்காவது சொல்லும்மா."

"ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கி, முழு சீனும் போடறதா இருந்தா சொல்றேன்."

"போட்டுத் தொலைக்கிறேன்" என்றார் புருஷோத்தமன்.

அவர் பின்னாலேயே இன்னொருவர் தயங்கித் தயங்கி வந்து, ஒரு பாக்கெட் மாவு கேட்டார். பீரங்கி சிலம்பரசன்.

"யக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அந்தம்மா கடைசியா என்னதான் சொல்லிச்சு?"

கலைமகள் பாக்கெட்டை நிதானமாக முடிச்சுப் போட்டார்.

"என்னைக் கேக்கறியேப்பா. போன ஞாயித்துக்கெழமயே பார்த்துட்டுக் கொதிச்சவன் நீதானே?"