குஞ்சண்ணைக்கு ஒரு சேமக்கலம்

குஞ்சண்ணை! இப்படிக் கூப்பிட்டால் எந்த அறையில் இருந்தாலும் "என்னடா?" என்று ஒரு குரல் வர வேண்டும். பாதி மூக்கால், பாதி தொண்டையால் வருகிற குரல். ஆயிரம் பேர் நடுவிலும் கண்ணை மூடிக்கொண்டு அது என் அண்ணன் என்று சொல்லிவிடுவேன். போன மாசி மாதம், பிறம்ரன் நகரத்து வேர்ஹவுஸில் வேலை முடிந்து வரும்போது ஸ்னோவில் அவருடைய கார் சறுக்கிவிட்டது. இப்போது நான் கூப்பிட்டால் ஹீற்றர்தான் பதில் சொல்கிறது.

வெலஸ்லி வீதியில் ஒரு அப்பார்ட்மென்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அண்ணை, நான், மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு அங்கிள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். மற்ற இருவரும் பெரிதாகப் படித்தவர்கள் இல்லை. இங்கிலீஷ் பழகுவதற்காகக் காலையில் சின்னப் பிள்ளைகளின் டிவி நிகழ்ச்சி பார்ப்போம். மீசை வைத்த மூன்று பேர் சோபாவில் வரிசையாக இருந்து, பொம்மையோடு சேர்ந்து எழுத்துச் சொல்லுவோம். அதில் ஒரு கிழமை முழுக்க வாத்தியங்களைக் காட்டினார்கள். நரம்பு ஒரு குடும்பம், மரக்குழல் ஒரு குடும்பம், பித்தளைக் குழல் ஒரு குடும்பம், அடிக்கிறதெல்லாம் இன்னொரு குடும்பம். சாக்ஸபோன் பித்தளையாகப் பளபளத்தாலும் மரக்குழல் குடும்பம்தானாம்.

"இவன் என்ன விசர்க்கதை கதைக்கிறான்?" என்றார் அங்கிள்.

"ஊதிற இடத்தில நாணல் இருக்குதெல்லோ, எங்கட நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி. உடுப்பைப் பாத்துச் சொந்தம் சொல்லக் கூடாது அங்கிள், வாயைப் பாத்துச் சொல்ல வேணும்," என்றார் அண்ணை.

"அப்ப சங்கு?"

"உதடு துடிச்சுத்தானே சங்கு ஊதுறது? அது ட்ரம்பெட்டுக்கு மச்சான்."

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதுதான். ஒருவர் கண்ணை மூடவேண்டும். மற்றவர் எதையாவது தட்டுவார், ஊதுவார், இழுப்பார். என்ன சாமான், எந்தக் குடும்பம் என்று சொல்லவேண்டும். தண்ணீர் கொதித்து விசிலடிக்கிற கேத்தல் குழல் குடும்பம். உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிறு நரம்புக் குடும்பம். அங்கிளின் குறட்டையை அண்ணை நெடுநேரம் குனிந்து நின்று கேட்டுவிட்டு, "உதடு துடிக்குது. ட்ரம்பெட்" என்று தீர்ப்புச் சொன்னார். அங்கிள் கண்ணைத் திறக்காமலே, "இஞ்ச பாரு மனே, சேர்க்கிறதெண்டா நல்ல குடும்பமாப் பாத்துச் சேரு" என்றார்.

ஒரு நாள் அண்ணை கிளாசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, அதன் சத்தத்தை ஹீற்றர்க் குழாயின் சத்தத்தோடு ஒன்றாக்கினார். மாறி மாறித் தட்டினார்.

"சுருதி ஒண்டுதானே, பிறகேன் வேற மாதிரிக் கேக்குது?" என்று கேட்டேன்.

"அம்மா 'தம்பி' எண்டு கூப்பிடுறதும் பொலிஸ்காரன் 'தம்பி' எண்டு கூப்பிடுறதும் ஒண்டோடா?"

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனாலும் அடுத்த ஞாயிறு பிழை விட்டேன். நான் கண்ணை மூடியிருக்க, அங்கிள் சோற்றுப்பானை மூடியைத் தட்டினார். "சேமக்கலம்" என்றேன். சேமக்கலம் என்றால் எங்கள் செத்தவீடுகளில் சங்கோடு சேர்த்து அடிக்கிற, கயிற்றில் தொங்குகிற தடித்த வெண்கலத் தட்டு. அண்ணைக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"மூடி கலகலவெண்டு கத்திப்போட்டு நிண்டிடும். சேமக்கலம் நிண்டு அழும். நான் செத்து, நீ பானைமூடி அடிச்சியோ, பெட்டிக்குள்ள இருந்து எழும்பி வந்து அதாலயே உன்ர மண்டையில போடுவன்!"

செத்தது அவர்தான். சேமக்கலம் தேடி அலைந்தது நானும் அங்கிளும். கோயிலில் கேட்டோம். சுவாமிக்கு அடிக்கிற சாமானைச் சாவுத் துடக்கு வீட்டுக்குத் தர முடியாது என்றார்கள். அது முறைதான். பிறகு வாத்தியக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரருக்குச் சேமக்கலத்தை விளக்க எங்களிடம் இருந்த இங்கிலீஷ் எல்லாம் டிவிப் பொம்மை படிப்பித்ததுதான். "டெட் பிரதர். மெட்டல். க்ரை" என்றேன். அந்த மனிதர் பயந்து போனாலும் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார்.

சிம்பலை அடித்தோம். "ஜ்ஷ்ஷ்" என்று சிதறியது. "முட்டை பொரிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் அங்கிள். முக்கோணக் கம்பியைத் தட்டினோம். "ஐஸ்கிரீம் வண்டி வருது." கடைசியில் கையகலத்தில் தடித்த வெண்கலத் தட்டு ஒன்றைப் பஞ்சு சுற்றிய தடியால் அடித்தார் கடைக்காரர். "பொம்ம்ம்" என்றது. "இது ராசா வாறார்."

நான் அந்தத் தடியை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, மரப்பக்கத்தால் அடித்தேன். "ணங்ங்ங்..."

அங்கிள் கடைக்கு நடுவிலேயே இருந்து அழத் தொடங்கிவிட்டார். கடைக்காரர் விலையைப் பற்றி ஒன்றும் பேசாமல் அதைப் பையில் போட்டு, "முடிந்ததும் கொண்டு வா" என்று கையால் காட்டினார்.

சங்குதான் கிடைக்கவில்லை. "உதடு துடிச்சாச் சொந்தம்தானே மனே" என்று சொல்லி, அங்கிள் எங்கள் வக்யூம் கிளீனர்க் குழாயைக் கழற்றிக் கழுவினார்.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் எல்லோரும் வேட்டியோடும் பனிச்சப்பாத்தோடும் நின்றார்கள். தேவாரம் முடிந்தது. அங்கிள் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு உதட்டை வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையிலிருந்து முதலில் எடுத்தது சேமக்கலத்தை அல்ல, சோற்றுப்பானை மூடியை.

ஓங்கி ஒரு அடி அடித்தேன். கலகலவென்று கத்திவிட்டு நின்றது. நன்றாகக் குனிந்து என் தலையைப் பெட்டிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னடா தம்பி இது?" என்று யாரோ கேட்டார்கள். அங்கிளும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணை எழும்பவில்லை. சொன்ன சொல் மாறாத மனிதர், அன்றைக்கு மாறிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் சேமக்கலத்தை எடுத்தேன். அது நின்று அழுதது. குழாய் மாடு மாதிரிக் கத்தியது. அழுதுகொண்டிருந்த அன்ரி ஒருவர் சிரித்துவிட்டு, பிறகு இன்னும் பலமாக அழுதார்.

இதை வாசிக்கிற எல்லோரையும் கேட்கிறேன். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, என்ர குஞ்சண்ணைக்காக ஒருக்காக் கும்பிடுங்கள். வாய்விட்டே கும்பிடுங்கள். யாருடைய குரல் என்று அண்ணை கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்.