அத்தை கொண்டுவந்த தங்கமீன்

பாசி பிடித்த தண்ணீருக்கென்று ஒரு நாற்றம் உண்டு. நனைந்த கோணிப்பையும் விளக்காத பித்தளையும் சேர்ந்தாற்போல இருக்கும். அது எங்கே மூக்கில் பட்டாலும் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த நாளில், பாகூர் ஏரியை ஒட்டிய எங்கள் வீட்டில், கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு தங்கமீனுக்குத் தண்ணீர் சுமந்தவன் நான். வெள்ளைக்காரன் ஆட்சிக்கு நான் செய்த ஊழியம் அது ஒன்றுதான். அதற்குப் பென்ஷனும் இல்லை.

மீன் என் அத்தையோடு வந்தது. புதுச்சேரியில் ஒரு துரையிடம் குமாஸ்தாவாக இருந்த மாமாவுடன் சண்டை போட்டுக்கொண்டு, அப்பாவின் தங்கையான அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பியபோது, நகையை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துரை லீவில் கப்பலேறும்போது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி மாமாவிடம் ஒப்படைத்த மீன் அது. அது இருந்த கண்ணாடித் தொட்டியை மாமா 'பொக்கால்' என்பாராம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சனியன்'. "இது உசுரோட இருக்குற வரைக்கும் அந்தாளு என்னைத் தேடி வந்துதான் ஆவணும்" என்றாள் அத்தை.

கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து தொங்கியது. ஆகவே குடிதண்ணீருக்காக அம்மா வைத்திருந்த 'மூணு பானை'யை, அதாவது மேலே ஆற்று மணலும் நடுவில் அடுப்புக்கரியும் போட்டு, அடிப்பானையில் தெளிந்த நீர் சொட்டிச் சேரும் அடுக்கை, அத்தை கைப்பற்றினாள். "மீனு குளிச்சு மிச்சம் வெச்சாத்தான் இந்த வூட்டுல மனுசனுக்குத் தண்ணி" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அத்தை தொட்டியைப் பார்த்துப் பதில் சொல்வாள். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்பதால், நடுவில் குடத்தோடு நின்ற என்மேல்தான் இரண்டு பக்கத்துத் திட்டும் விழும்.

வடிகட்டியும் நாற்றம் போகவில்லை. தொட்டியைத் துப்புரவாக்கத் துணைமீன் ஒன்று வேண்டும் என்றாள் அத்தை. மதகடியில் நான் பிடித்துவந்த அயிரைக் குஞ்சுகளைத் தங்கமீனே விழுங்கிவிட்டது. கெண்டைக்குஞ்சு துள்ளி வெளியே விழுந்து பூனைக்குப் போயிற்று. கெளுத்தியின் முள் தங்கமீனின் வாலைக் கிழித்தது. அத்தை கெளுத்தியை விட்டுவிட்டு என்னை அடித்தாள். எங்கள் பக்கத்தில் கிணறு தூர்வாரியதும், புழுபூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கட்டும் என்று ஒரு விரால் குஞ்சை விடுவது வழக்கம். கிணற்றுக்கு ஆவது தொட்டிக்கு ஆகாதா என்றாள் அத்தை. ஏன் ஆகாது என்றாள் அம்மா. அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். இவ்வளவு அபூர்வமாக வருகிற ஒற்றுமை தப்பாக இருக்க முடியாது என்று நானும் நம்பினேன்.

விரால் சொன்ன வேலையைச் செய்தது. புழுவைத் தின்றது, பூச்சியைத் தின்றது, சாண் நீளம் வளர்ந்தது. மார்கழியில் ஒரு காலை, தொட்டியில் அது மட்டும் இருந்தது. தண்ணீர் பளிங்குபோல இருந்தது. அத்தை அழவில்லை, கண்ணாடிக்குள் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் ஊரார் மாமாவிடம் 'மீன் நல்லா இருக்குது' என்றுதானே சொல்வார்கள் என்று கணக்குப் போட்டு, அந்தக் கொலைகாரனுக்கு மண்புழு போட்டு வளர்த்தாள்.

தையில் மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அத்தை துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். துரை திரும்பிவிட்டார், மீனைக் கேட்கிறார், இல்லையென்றால் வேலை போய்விடும் என்று மாமா அப்பாவிடம் புலம்பினார். அத்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

"மீனை மட்டும் குடுத்துடுங்க மச்சான். வண்டி நிக்குது."

அம்மா அதைக் கேட்டாள். பின்கட்டுக்குப் போய்த் தொட்டிக்குள் கையை விட்டாள். விராலைச் சாம்பலில் புரட்டித் தேய்க்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சற்று நேரத்தில், சாப்பிடாமல் போகக்கூடாது அண்ணா என்று மாமாவுக்கு இலை போட்டாள். மாமா குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியதும் மீனை மறுபடி கேட்டார்.

அத்தை வெளியே வந்தாள். அதுவரை அவர் முகத்துக்கு நேரே 'நீங்க' என்றே சொல்லிவந்தவள்.

"தொர மீனை விரால் தின்னுச்சு. விராலை நீ தின்ன. போயி தொரையாண்ட நில்லு."

மாமா தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மீன் வரவில்லை, அதன் பிறகு மாமாவும் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் குழம்புச்சட்டியை யார் கழுவுவது என்று அம்மாவும் அத்தையும் ஆரம்பித்தார்கள், வருஷக்கணக்கில் ஓயவில்லை.

இப்போது பிரெஞ்சுக்காரர்கள் இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, தண்ணீர் குழாயில் வருகிறது. புதுச்சேரிக் கடையில் மோட்டார் வைத்த தொட்டியைக் காட்டி, எதோடு எதை விடலாம் என்று கடைக்காரர் என் மகளுக்குப் பாடம் நடத்துகிறார். அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அத்தை யாரையும் திட்டுவதில்லை. நேற்று வேண்டுமென்றே சர்க்கரை போடாத காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். முழுக்கக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுப்பா" என்கிறாள்.