மகாராணிக்குக் கஷாயம்

குதிரையேற்றப் பள்ளியில் லாய வேலை பார்த்த தம்பிக்கு ‘லாடம்’ என்று பெயர். எங்கே நடந்தாலும் சத்தம் வரும் என்பதால் வைத்தது. அக்காவுக்கு அது பிடிக்காது. அவனைப்போல லாயத்தைத் துடைத்துவைக்க ஆள் கிடையாது என்பது அவள் கட்சி.

அவன் பார்த்துக்கொண்ட கிழட்டுக் குதிரைக்குப் பெயர் மகாராணி. வருடக்கணக்கில் இருமல். மாடிப்படி ஏறிய குண்டு மாமா மாதிரி மூச்சு வாங்கும். ஊசி போட்டால் அடங்கும், பிறகு திரும்பும்.

“மாசக் கடைசிக்குள்ள இருமல் நிக்கலேன்னா வித்துடுவேன்” என்றாள் முதலாளியம்மா. இருமுகிற குதிரையை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று தம்பிக்குத் தெரியும். சீன மருந்துக் கடைக்கு ஓடினான். மகாராணியை ‘அது’ என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வராது.

“அவங்களுக்கு ரொம்ப நாளா இருமல், ஐயா.”

“வயசு?”

“இருபத்திரெண்டு.”

“எடை?”

“நானூத்தம்பது கிலோ.”

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். “சம்சாரமா, தம்பி?”

விளக்கம் சொல்லி, அதிமதுரமும் முசுக்கட்டைப் பட்டையும் வாயில் நுழையாத பெயருள்ள வேர்களுமாக வாங்கி வந்தான். அக்காவின் பெரிய பாத்திரம் போயிற்று. வீடெல்லாம் பழைய செருப்பை வேகவைத்த நாற்றம். பாத்திரத்தோடு லாயத்துக்குத் தூக்கிப்போனான்.

மகாராணி கஷாயத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வாளியை உதைத்துத் தள்ளினாள். தம்பி அசரவில்லை. கஷாயத்தைத் தொட்டித் தண்ணீரில் கலந்து, காய்ந்த புல்லை அதில் ஊறப்போட்டுக் கொடுத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள். நாளாக ஆக இருமல் குறைந்தது.

மாசக் கடைசியில் முதலாளியம்மா, குதிரை டாக்டர், பாத்திரத்தை மீட்க வந்த அக்கா எல்லோரும் லாயத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக் கொட்டடியில் யாரோ காய்ந்த புல்லை உதறினார்கள். ஒரு இருமல் கேட்டது. தம்பிக்கு உயிரே போய்விட்டது.

இருமியது டாக்டர்.

“பாத்தீங்களா, இந்தத் தூசிதான் காரணம்” என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. “புல்லை நனைச்சுப் போடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். வெறும் தண்ணியே போதும். இவன் வேரெல்லாம் தண்டம்.”

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. அக்கா விடுவாளா?

“நனைச்சது யாரு, டாக்டர்?”

“உங்க தம்பிதான்.”

“அது போதும் எனக்கு.”

“சரி, மகாராணி இங்கயே இருக்கட்டும்” என்றாள் முதலாளியம்மா.

டாக்டர் மறுபடி இருமினார். தம்பி பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தான். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“டாக்டர், உங்க எடை என்ன?”